எஸ்டர்: ஒரு சொல்லும் அதன் மணமும்

1848இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லியோபோல்டு குமெலின் 'எஸ்டர்' என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினார். காடியைக் குறிக்கும் 'எஸ்ஸிக்', ஈதரைக் குறிக்கும் 'ஏதர்' ஆகிய இரண்டும் இணைந்த தொகைச்சொல்லின் சுருக்கமாக அது கருதப்படுகிறது. அதுவரை ஆல்கஹாலை அமிலத்தோடு காய்ச்சிப் பெற்ற, எளிதில் ஆவியாகும் நீர்மங்கள் பலவும் 'ஈதர்' என்றே வழங்கின. அமிலத்தின் கூறு தங்கியவையும் தங்காதவையும் ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடந்தன. புதிய சொல் அவற்றைப் பிரித்துக் காட்டியது.

மூன்றாண்டுகள் கழித்து, 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் செயற்கைப் பழ எசன்சுகள் வைக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ஹாஃப்மன் தம் ஆசிரியர் லீபிக்குக்கு அதுபற்றி எழுதினார். 'பேரிக்காய் எண்ணெய்' என்பது அமைல் அசெட்டேட்டின் கரைசல். 'அன்னாசி எண்ணெய்' எத்தில் பியூட்டிரேட். இவற்றின் மூலப்பொருள்களோ மூக்கைப் பொத்தச் செய்பவை. அமைல் ஆல்கஹால், சாராயம் வடிக்கையில் ஒதுக்கப்படும் ஃபியூசல் எண்ணெயிலிருந்து வந்தது. பியூட்டிரிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமானது.

நாற்றம் நறுமணமானது எவ்வாறு? அமிலமும் ஆல்கஹாலும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அமில மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புக்கு எஸ்டரில் இடமில்லை. எனவே அது எளிதில் ஆவியாகி மூக்கை எட்டுகிறது. வடிவம் மாறியதால் மணமும் மாறுகிறது.

ஆனால் வெளியேறிய நீரே எஸ்டரை மீண்டும் பிளக்கவல்லது. சம மூலக்கூற்று அளவில் எடுத்த எத்தனாலும் அசெட்டிக் அமிலமும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வினைபுரிந்ததும் சமநிலை எய்துவதை 1862இல் பெர்த்தலோவும் பெயான் த சான்-ழீலும் காட்டினர். ஆல்கஹாலை மிகுதியாக எடுத்து, வன்மையான அமிலத்தைச் சிறிதளவு வினையூக்கியாகச் சேர்க்கும் முறையை 1895இல் எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும் வெளியிட்டனர். இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் அவ்வினை ஃபிஷர் பெயராலேயே வழங்குகிறது.

'செயற்கை' என்னும் அடைமொழியை இங்கு மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். வாழைப்பழத்தில் விளையும் ஐசோஅமைல் அசெட்டேட்டும் குடுவையில் விளைவதும் ஒரே மூலக்கூறு. பழத்தில் அதனுடன் வேறு பல மணப்பொருள்களும் கூடியிருக்கும்; எசன்சில் ஒன்றோ சிலவோ மட்டுமே இருக்கும். ஆகவே போலித்தன்மை மூலக்கூற்றில் இல்லை. ஒரு கூற்றை முழுப் பழமாகக் காட்டும் பெயர்ச்சீட்டில் இருக்கிறது.

இலத்தீனில் 'இருத்தல்' எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்த 'எசன்ஸ்', ஒரு பொருளின் மெய்த்தன்மையைக் குறித்த சொல். இன்று தமிழ்ப் பேச்சிலோ அது, பழமே இல்லாமல் பழவாசம் தரும் சிறு புட்டியின் பெயர்.