மலை தேர்ந்த துறை

சுமத்திராவின் மேற்குக் கரையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி பாருஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதையொட்டிய கிராமம் லோபு துவா. இரண்டும் வடசுமத்திரா மாகாணத்தின் மத்திய தாப்பானூலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் கல்வெட்டு படித்தவர்களுக்கு லோபு துவா ஒரே ஒரு கல்லால் அறிமுகம். 1870களின் தொடக்கத்தில் டச்சு அதிகாரி ஒருவரின் கவனத்துக்கு வந்த தூண் அது. அதில் இருப்பது தமிழ் என்று கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1892 வாக்கில் சுருக்கமாகச் சொன்னார். நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதை விரிவாக எழுதினார். பின்னாளில் எ. சுப்பராயலு அதைப் புதிதாகப் படித்துப் பல இடங்களில் திருத்தினார். கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1010, மாசி மாதம், அதாவது கி.பி. 1088இல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் ‘வரோசு’ எனப்பட்ட இந்த ஊரில் கூடி எடுத்த முடிவை அது பதிவு செய்கிறது.

இந்தக் கல் தமிழர்களுக்குத் தந்த பெருமிதத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போய்விட்டது. ஐந்நூற்றுவர் ஏன் இங்கே வந்தார்கள்? வந்தவர்கள் யார் யார் என்று அடுக்குவதையே இந்த ஊரின் வரலாறாக எழுதிவருகிறோம். தமிழர் வந்தனர், அரபியர் வந்தனர், குஜராத்திகள் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர். இந்தோனேசிய அரசும் விலக்கில்லை. 2017இல் அதிபர் ஜோகோ விடோடோ பாருசில் திறந்துவைத்த நினைவுத்தூண், தீவுக்கூட்டத்தில் இஸ்லாமிய நாகரிகம் தொடங்கிய இடம் என்று ஊரை அடையாளப்படுத்துகிறது. அதுவும் கடல்வழி வந்த ஒன்றின் நினைவுதான். இந்தக் கதையைத் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பாருசை உருவாக்கியது அதன் பின்னால் இருக்கும் மலை. அங்கே வாழ்ந்த பத்தாக் மக்களின் காட்டறிவும், அவர்கள் எந்த வழியாக இறங்கிவந்து யாரிடம் விற்றார்கள் என்பதுமே இங்கே ஒரு துறை இருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தன. கடல் வணிகர்கள் அந்தத் துறையில் வாடகைக்கு இருந்தவர்கள்.

முதல் சான்றைக் கடற்கரையே தருகிறது. பாருசில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது இல்லை. திறந்த கரை, நேராக வந்து மோதும் பெருங்கடல் அலை. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, படகில்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் தாப்பானூலி விரிகுடா, இன்றைய சிபோல்கா. தீவுகள் அரணாக நிற்கும் ஆழமான, அமைதியான நீர். 1783இல் ‘சுமத்திராவின் வரலாறு’ நூலை வெளியிட்ட வில்லியம் மார்ஸ்டன் அந்த விரிகுடாவை உலகின் சிறந்த விரிகுடாக்களோடு வைத்துப் புகழ்கிறார். மாலுமியின் கண்ணோடு பார்த்தால் ஊர் அமைய வேண்டிய இடம் அதுதான். ஆனால் அரபு, சீன, தமிழ், போர்த்துகீசியப் பதிவுகளில் நூற்றாண்டுக்கணக்கில் பெயர்பெற்று நிற்பது கப்பலுக்கு வசதியில்லாத பாருஸ். கடலை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது.

விளக்கம் கற்பூர மரத்தில் இருக்கிறது. கற்பூரம் என்றதும் தட்டில் ஏற்றும் வெள்ளை வில்லைதான் நம் நினைவுக்கு வரும். அது கிழக்காசியக் கற்பூர மரத்தின் கட்டையைக் காய்ச்சி எடுத்த பொருளின் வழிவந்தது, இப்போது பெரும்பாலும் ஆலையில் தயாராவது. பாருசின் சரக்கு வேறு. தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் ஒரு துளி சேர்க்கும் பச்சைக்கற்பூரம் அதன் இனம். சுமத்திரா, போர்னியோ, மலாய்க் காடுகளில் வளரும் ஒரு பெருமரத்தின் வயிற்றுக்குள் அது தானாகப் படிகமாகிறது. அந்த மரம் 60 மீட்டர் வரை வளரும். வெளியே எந்த அடையாளமும் இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு மரங்களில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. தேடிப் போனவர்கள் தண்டைக் கொத்திப் பார்ப்பார்கள், நம்பிக்கை வந்தால் மரத்தைச் சாய்ப்பார்கள். பிறகு துண்டு போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்து, நார்களுக்கு நடுவே உள்ள வெடிப்புகளில் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் செதில்களைச் சுரண்டி எடுப்பார்கள். பல மரங்கள் வெறுங்கையோடு அனுப்பிவிடும். கிடைத்ததைக் கழுவி, சலித்து, பெருஞ்செதில், நடுத்தரம், பொடி என்று தரம் பிரிப்பார்கள். எந்தச் சரிவில் எந்த மரம் பலன் தரும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாகக் காட்டில் புழங்கியவர்களிடம் மட்டுமே இருந்தது. எந்த வணிகக் குழுவும் அதை விலைக்கு வாங்கவோ ஆள் வைத்துச் செய்யவோ முடியாது. பாருசுக்கும் அதற்கு வடக்கே சிங்கிலுக்கும் பின்னாலுள்ள மலையடிவாரக் காடுகளே இதற்குப் பேர்போனவை. மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து, இங்கத்திய கற்பூரம் எடைக்கு எடை தங்கம் பெறும் என்கிறார். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அரிய பொருளுக்கு வணிகர் எந்தக் கண்ணால் விலை பார்த்தார்கள் என்பது தெரிகிறது.

இரண்டாவது சரக்கு சாம்பிராணி. கற்பூரத்தைப் போல இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. தோபா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்தில் பத்தாக் மக்கள் இந்த மரத்தை நட்டு வளர்த்தார்கள். மார்ஸ்டன் தரும் கணக்குப்படி, நட்ட ஏழாம் ஆண்டு வாக்கில் பட்டையில் கீறல் போடலாம், வடிந்து இறுகிய பாலைச் சில மாதம் கழித்துச் சீவி எடுக்கலாம். முதல் மூன்று ஆண்டு வடிவது உயர்தரம். அதற்குத் ‘தலை’ என்று பெயர். பிந்திய ஆண்டுகளில் வருவது ‘வயிறு’. மரத்தை வெட்டிச் சுரண்டிய கடைசிக் கசடு ‘கால்’. கற்பூரம் குலுக்குச்சீட்டு என்றால் சாம்பிராணி மாதச் சம்பளம். கற்பூரம் பாருசுக்குப் பெயர் தந்தது, சாம்பிராணி அதை நிலைக்கவைத்தது என்பது என் கணிப்பு. பத்தாக் நாட்டில் நாணயம் இல்லை, பெரிய வியாபாரத்தைச் சாம்பிராணிக் கட்டியை அளவாக வைத்துத்தான் பேசுவார்கள் என்றும் மார்ஸ்டன் எழுதுகிறார். ஏற்றுமதிச் சரக்கே பணமாகப் புழங்கும் சமூகத்தைக் கடற்கரைக்காரர்கள் அழைத்த பக்கமெல்லாம் ஓடிவந்த காட்டுவாசிகளாகச் சித்திரிப்பது பொருந்தாது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1995இல் தொடங்கி க்ளோத் கியோ தலைமையில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் லோபு துவாவை அகழ்ந்தார்கள். அவர்களின் முடிவுப்படி அந்தக் குடியிருப்பு 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்துவிட்டது. சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, மணிகள் என்று கிடைத்தவை ஏராளம். முக்கியமானது, தென்னாசிய மண்பாண்டங்களும் இருந்தன. பீங்கானை விற்பதற்குக் கொண்டுவரலாம். அடுப்பில் ஏற்றும் சட்டிபானையை, அதைக்கொண்டு சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் கொண்டுவருவார்கள். ஆகவே லோபு துவாவை நிறுவியவர்களே தென்னிந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களாக இருக்கலாம் என்று கியோ கருதினார். அப்படியானால் ஊரை வெளியார்தானே உருவாக்கினார்கள் என்று கேட்கலாம். குடியிருப்பை நிறுவியது அவர்களாகவே இருக்கட்டும். வணிகத்தை அவர்கள் நிறுவவில்லை. சீனாவில் தாங் அரசு 659இல் தொகுத்த மருத்துவ நூல் கற்பூரம் விளையும் நாடாகக் குறிப்பிடும் பெயரைப் பலர் பாருஸ் என்றே அடையாளம் காண்கிறார்கள். லோபு துவாவில் முதல் பானை உடைவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பே இந்தக் காட்டுச் சரக்கு சீன மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குடியிருப்பின் முடிவும் இதையே சொல்கிறது. 1100ஐ ஒட்டி லோபு துவா கைவிடப்பட்டது. கெர்காசி என்ற அரக்கர் கூட்டம் அழித்தது என்பது உள்ளூர்க் கதை. ஊர் போனதும் வணிகமும் போயிருக்க வேண்டும், போகவில்லை. பக்கத்திலேயே புக்கித் ஹசாங் என்ற இடத்தில் புதிய குடியிருப்பு எழுந்து 17ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான தொமே பிரெஸ் பாருசைச் செல்வமான நாடு என்று எழுதுகிறார். அப்போது அங்கே முன்வரிசையில் நின்றவர்கள் குஜராத்திகள். குடியிருந்தவர்கள் மாறினார்கள், குடியிருந்த இடம்கூட மாறியது. மலை மட்டும் மாறவில்லை.

கல்வெட்டையே காட்டி வாதிடுபவர்களும் உண்டு. பட்டினத்துக்குத் தங்கள் பாணியில் பெயர் சூட்டி, அதிகாரிகளை நியமித்து, வரி விதித்தவர்கள் ஆட்சியாளர்கள்தானே? கல்லில் எஞ்சியிருக்கும் வாசகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மரக்கலத் தலைவனும் அவனோடு வருபவர்களும் கஸ்தூரி விலையை அடிப்படையாக வைத்துப் பொன்னாகத் தீர்வை செலுத்திய பிறகே பாவாடையில், அதாவது விரித்த துணியில், ஏற வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாம் கடலிலிருந்து வருபவர்களுக்கான விதி. மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு அதில் ஒரு விதியும் இல்லை. பத்தாக் தலைவர்கள் இல்லை, கற்பூரத்தின் விலை இல்லை. ஊரின் புகழுக்கே காரணமான பொருளைப் பற்றி அந்த ஊரின் மிகப் பெரிய ஆவணம் வாய் திறக்கவில்லை. கல் சிதைந்திருக்கிறது என்பதால் இந்த மௌனத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற மாட்டேன். இருந்தாலும் ஐந்நூற்றுவரின் கட்டளை எதுவரை செல்லும் என்பதை அவர்களே நமக்குக் காட்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது கப்பல் படிகளோடு நின்றது. சோழப் பேரரசின் கை நீண்டது என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்லும் ஊர்களில் பண்ணை இருக்கிறது, இலாமுரிதேசம் இருக்கிறது, வரோசு இல்லை. 1088 முதலாம் குலோத்துங்கனின் காலம். கல்லோ அவன் பெயரைச் சொல்லாமல், சக ஆண்டில் காலம் குறிக்கிறது.

மலைவாழ் காரோ மக்களிடையே செம்பிரிங் குலத்தின் கிளைகளாகச் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமணா போன்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தமிழர்கள் மலைக்குள்ளும் புகுந்து கலந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். கலந்தார்கள் என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் காரோ நாடு தோபா ஏரிக்கு வடக்கே இருக்கிறது. அதன் வாசல் கிழக்குக் கரை. மேடானுக்கு அருகே கோத்தா சீனா என்ற இடத்தில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய துறையும், தென்னிந்தியத் தொடர்பு காட்டும் சிலைகளும் வெளிப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்கள் அந்த வழியாக ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம். மேலும், குலப் பெயராகக் கரைந்துபோவது ஆட்சி செய்ததன் அடையாளமாகாது. வந்தவர்கள் மலைச் சமூகத்தின் மணமுறைக்கும் குல ஒழுங்குக்கும் உட்பட்டு வாழ்ந்தார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

மலையின் கை ஓங்கியிருந்தது பாருசின் அரசியல் அமைப்பில் இன்னும் தெளிவாகிறது. டச்சுக் கம்பெனி 1668இல் இங்கே கால்வைத்தபோது சிற்றூர் ஒன்றுக்கு இரண்டு அரசர்கள் இருந்தார்கள். ஆற்றின் மேற்பகுதிக்கு ஒருவர், கீழ்ப்பகுதிக்கு ஒருவர். வரலாற்றாய்வாளர் ஜேன் டிராகார்ட் இரு குடும்பங்களின் வம்சாவளிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். மேலூர்க் குடும்பம் தன் வேரைத் தோபா பத்தாக் நிலத்தில் வைத்தது. கீழூர்க் குடும்பம் மினாங்கபாவ் கரையிலுள்ள தாருசானிலிருந்து கடல்வழித் தொடர்போடு வந்தது. வேடிக்கை என்னவென்றால், கடலைச் சேர்ந்த கீழூர்க் குடும்பத்தின் கதையிலும் முன்னோர் இப்ராகிம் நேராகப் பாருசில் வந்து இறங்குவதில்லை. சிலிண்டுங், பக்காரா, பசாரிபு என்று மலைநாட்டைச் சுற்றி, அங்கங்கே தலைவர்களோடு உறவு பூண்டு, பிறகுதான் கரைக்கு வருகிறார். பக்காராவின் புகழ்பெற்ற சிங்காமங்கராஜா மரபே அவர் வழி வந்தது என்றுகூட உரிமை கொண்டாடுகிறது அந்த வரலாறு. உண்மையில் நடந்ததா என்பது வேறு. பாருசை ஆள உரிமை கேட்பவர் முதலில் மலையில் உறவைக் காட்டியாக வேண்டும் என்ற விதி இருந்ததால்தான் இப்படியொரு கதையை எழுதவேண்டி வந்தது.

மலைக்காரர்களுக்கும் கரை தேவைப்பட்டதே, அவர்கள் எப்படிப் பேரம் பேச முடியும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. தேவைப்பட்டது, முதன்மையாக உப்பு. அடுத்தது துணி, இரும்பு, பித்தளைக் கம்பி, மணி. சில்லறைக் கொடுக்கல் வாங்கலுக்கு உப்பே காசு. மார்ஸ்டன் விவரிக்கும் ஏற்பாட்டில், கரையிலிருந்து உள்நாடு வரை கட்டம் கட்டமாகச் சந்தைகள் இருந்தன, நான்கு நாளுக்கு ஒரு முறை கூடின. ஒவ்வொரு கட்டத்து மக்களும் கீழிருந்து உப்பை வாங்கி மேலே விற்றார்கள், மேலிருந்து சாம்பிராணியை வாங்கிக் கீழே தள்ளினார்கள். கரை வணிகர் யாரும் முழுத் தொலைவும் நடக்கத் தேவையில்லை, நடக்கவும் விடப்படவில்லை. ஆனால் உப்பு கடலோரத்தில் எங்கும் காய்ச்சலாம். சிங்கிலிலும் கிடைக்கும், தெற்கே தாப்பானூலியிலும் கிடைக்கும். பேர்போன இந்தக் கற்பூரத்தைத் தேடி வந்தவனுக்கு வேறு மலை எளிதில் கிடையாது. பேரத்தில் கை ஓங்கியிருந்தது யாருக்கு என்பதை இந்த ஏற்றத்தாழ்வே சொல்லிவிடுகிறது.

பாருஸ் வீழ்ந்த விதமும் இதோடு ஒத்துப்போகிறது. 19ஆம் நூற்றாண்டில் டச்சு ஆட்சி உள்நாட்டுக்குள் சாலையோடும் படையோடும் ஏறியது. நீராவிக் கப்பலுக்கு ஆழமான துறை தேவைப்பட்டது. மரத்தைச் சாய்த்தே எடுக்க வேண்டிய கற்பூரம் அரிதாகிக்கொண்டே போக, காய்ச்சி எடுக்கும் மலிவான கற்பூரம் சந்தையை நிரப்பியது. மலைவழியின் மேல் மலைக்காரர்களுக்கு இருந்த பிடி தளர்ந்ததும், கப்பல்காரன் தனக்கு வசதியான இடத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. தாப்பானூலியின் தலைமையிடம் சிபோல்காவானது. ஹும்பாங் மேட்டில் சாம்பிராணி மரங்களை இன்றும் கீறுகிறார்கள், அந்தச் சரக்கு லாரியில் சாலைவழி போகிறது. பாருசைக் கேட்டுக்கொண்டு போவதில்லை.