ஆர்கன்சா சட்டம் 1220

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003-இல் இயற்றிய சட்டம். பொதுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் உயரத்தையும் எடையையும் ஆண்டுதோறும் அளந்து, உடல் நிறைக் குறியீட்டெண்ணைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாட்டில் முதன்முதலில் ஆணையிட்ட மாநிலம் இதுதான்.

பள்ளிக்குள் என்ன விற்கப்படுகிறது என்பதிலும் சட்டம் கைவைத்தது. குளிர்பானம், சிப்ஸ், மிட்டாய் விற்கும் தானியங்கி இயந்திரங்களைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் அணுக முடியாதபடி செய்தது. குளிர்பான நிறுவனங்களுடனான ஒப்பந்தங்களால் பள்ளிகளுக்கு வரும் பணத்தை வெளிப்படையாகச் சொல்லவும் வைத்தது. அந்த வருமானத்தை நம்பியே பல பள்ளிகள் செலவுகளைச் சமாளித்து வந்தன என்பதால், இந்தப் பிரிவு துணிச்சலானது என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் மைக் ஹக்கபி, இரண்டாம் வகை நீரிழிவு வந்தபின் சுமார் 50 கிலோ எடையைக் குறைத்தவர். அவருடைய கதை நாடெங்கும் பேசப்பட்டது. சட்டமும் கூடவே பேசப்பட்டது.

எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. மதிப்பெண் அட்டையோடு எடைக் கணக்கையும் சேர்த்து அனுப்பச் சொன்னது மூலச் சட்டம். பிள்ளைகள் கேலிக்கு ஆளாவார்கள் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. பின்னர் எடைக் கணக்கு தனியான, ரகசிய அறிக்கையானது. முதல் ஆண்டு அளவீட்டில் ஏறத்தாழ 38 சதவீதப் பிள்ளைகள் அதிக எடையுடனோ அதை நெருங்கியோ இருந்தனர். அதுவரை ஊகமாக இருந்த சிக்கல், பள்ளிவாரியாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த விகிதம் பெரிதாக ஏறவில்லை, இறங்கவும் இல்லை. 2007-இல் எல்லா வகுப்புகளையும் அளப்பது கைவிடப்பட்டு, மழலையர் வகுப்பிலும் 2, 4, 6, 8, 10-ஆம் வகுப்புகளிலும் மட்டும் அளக்கும் முறை வந்தது. விருப்பமில்லாத பெற்றோர் மறுக்கவும் வழி செய்யப்பட்டது.

வேறு மாநிலங்களும் இவ்வழியில் நடந்தன. ஆனால் வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் கட்டாயத்தை மாசச்சூசெட்ஸ் 2013-இல் நீக்கியது. கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, இத்தகைய அறிக்கைகளால் பிள்ளைகளின் எடை குறையவில்லை என்று காட்டியது. பிள்ளைகளுக்குத் தம் உடல் குறித்த மனநிறைவு குறையக்கூடும் என்ற கவலையையும் எழுப்பியது. மாநிலம் தன் நிலையை அறிய இந்த எண்கள் தேவை. ஒரு பிள்ளையின் கையில் அவை பாரமாகிவிடுகின்றன.

விற்பனை இயந்திரங்கள் குறித்த பிரிவு அப்படித் தேயவில்லை. 2010-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ், பள்ளி இயந்திரங்களிலும் கடைகளிலும் விற்கும் தின்பண்டங்களுக்கான ஊட்டச்சத்து விதிகள் 2014 ஜூலை முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தன.