பெட்டியும் பேரேடும்: டிஜிட்டல் தொலைக்காட்சி இந்திய வீடுகளுக்கு வந்த வரலாறு

இந்தியத் தொலைக்காட்சி அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய கதையைச் சட்டத் திருத்தங்கள், கெடு நாட்கள், வழக்குகள் ஆகியவற்றின் வரிசையாகவே பெரும்பாலும் வாசிக்கிறோம். அதே கதையை ஒளிபரப்பைப் பெறும் முனையிலிருந்து, அதாவது வீட்டிலிருந்து வாசித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. பெறும் முனையைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு இந்திய அரசு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளை அளித்திருக்கிறது.

முதல் விடை 1975இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் சமுதாயத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளிலிருந்து வந்த அலைகளை, கம்பிவலையால் செய்யப்பட்ட எளிய ஆன்டெனாக்கள் பெற்றன. பெட்டி, ஆன்டெனா, பழுதுநீக்கம் மூன்றையும் திட்டமே ஏற்றது. பார்ப்பவர் செய்ய வேண்டியிருந்தது வந்து அமர்வது மட்டுமே.

எண்பதுகளில் தூர்தர்ஷன் ஒலிபரப்பிகள் நாடெங்கும் பெருகியபோது இப்பொறுப்பு வீட்டுக்கு நகர்ந்தது. பெட்டியையும் மொட்டைமாடி ஆன்டெனாவையும் குடும்பமே வாங்கியது. 1991 வளைகுடாப் போரையொட்டிச் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தபின், தெருவுக்கொரு கேபிள்காரர் உருவானார். ஒரு டிஷ், சில பெருக்கிகள், கம்பத்திலிருந்து மாடிக்குத் தாவும் கம்பி என்று வளர்ந்த அத்தொழிலை 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஒரு கேபிள்காரரிடம் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதற்கு அவர் சொல்லே கணக்காக இருந்தது.

இங்கே பிற நாடுகளின் அனுபவத்தோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் மாற்றியது வான்வழி ஒளிபரப்பை. ஒரே அலைக்கற்றையில் டிஜிட்டல் முறை பல அலைவரிசைகளை அடக்கும். மிஞ்சும் அலைக்கற்றையைக் கைப்பேசிச் சேவைக்குத் தரலாம். அதனால் அரசுக்கு ஆதாயம் உண்டு. அந்த ஆதாயம் வீடுகளுக்கான உதவியை நியாயப்படுத்தியது. 2009 ஜூன் 12இல் முழுத்திறன் அனலாக் நிலையங்கள் நிறுத்தப்படுமுன், மாற்றுப்பெட்டி வாங்க விண்ணப்பித்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு நாற்பது டாலர் மதிப்புள்ள இரண்டு கூப்பன்கள் வரை தரப்பட்டன. பிரிட்டனில் 75 வயதைக் கடந்தவர்களுக்கும் உடற்குறை உள்ளோருக்கும் தனி உதவித் திட்டம் இயங்கியது.

இந்தியாவில் கெடு விதித்து மாற்றப்பட்டதோ கம்பிவழி வந்த கேபிள். அதை டிஜிட்டல் ஆக்குவதால் வானில் எந்த அலைக்கற்றையும் விடுபடுவதில்லை. விடுபட வேண்டியிருந்தது கணக்கு. கேபிள்காரர் இணைப்புகளைக் குறைத்துக் காட்டுகிறார் என்பது அலைவரிசை நிறுவனங்களின் நெடுநாள் முறையீடு; கேளிக்கை வரி இழப்பு அரசுகளின் கவலை. ஒவ்வொரு வீட்டையும் தனி முகவரியுடைய இணைப்பாக்கும் செட் டாப் பாக்ஸ் இரண்டுக்கும் தீர்வாகக் கருதப்பட்டது. கூடுதல் அலைவரிசைகளும் தெளிவான படமும் பார்வையாளருக்குக் கிடைக்கும் பயன்களாக முன்வைக்கப்பட்டன. அவை கிடைக்கவும் செய்தன. ஆயினும் கெடுவுக்கு அவசரத்தைத் தந்தது கணக்குதான்.

முதல் முயற்சி தோற்ற விதம் இதைத் தெளிவாக்கும். 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி சி.ஏ.எஸ். என்னும் நிபந்தனை அணுகல் முறை 2003 செப்டம்பர் 1இல் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் சில பகுதிகளுக்கு அது 2006 டிசம்பர் 31இல்தான் சென்றது. அம்முறையில் கட்டண அலைவரிசைகளுக்கு மட்டுமே பெட்டி தேவை; இலவச அலைவரிசைகள் பழையபடி வரும். சென்னை வீடுகளில் மிகப் பல பெட்டி வாங்காமலேயே இருந்துவிட்டன. தெரிவு இருந்த இடத்தில் குடும்பங்கள் தம் தெரிவைச் செய்தன.

2011ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. இலவச அலைவரிசை உட்பட அனைத்தும் குறியாக்கம் செய்யப்பட்டே வரவேண்டும். பெட்டி இல்லையேல் திரையில் படம் இல்லை. நான்கு பெருநகரங்களுக்கான கெடு 2012 ஜூன் 30இலிருந்து அக்டோபர் 31க்கு நகர்ந்தது. சென்னையில் வழக்குகளும் கொல்கத்தாவில் மாநில அரசின் எதிர்ப்பும் அதையும் தாண்டி இழுத்தன. 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 கெடு. நாட்டின் எஞ்சிய பகுதிகளுக்கான இறுதிக் கெடு 2017 மார்ச் 31. பெட்டிக்கென மத்திய அரசு கூப்பன் எதுவும் தரவில்லை.

வீடு எவ்வாறு தயாரானது என்பதற்கு அரசு ஆவணங்களில் அதிக இடமில்லை. ஒரே கம்பியைப் பிரித்து இரு அறைகளில் பார்த்த குடும்பம் இரு பெட்டிகளுக்குச் செலவழித்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுக்குத் துளையில்லாத பழைய தொலைக்காட்சிக்கு, ஆன்டெனா வழியே இணைக்கும் பெட்டியைத் தேட வேண்டியிருந்தது. ஒரு ரிமோட் இரண்டானது. விரலுக்குப் பழகிய எண்கள் மாறின. முதியோர் தம் அலைவரிசையைக் காணப் பேரப்பிள்ளையை அழைக்க வேண்டியதாயிற்று. இந்தச் செலவும் உழைப்பும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறவில்லை.

குடும்பம் நிரப்ப வேண்டிய விண்ணப்பப் படிவம் ஒன்றும் வந்தது. பெயர், முகவரி, வேண்டிய அலைவரிசைகள் ஆகியவற்றை அது கேட்டது. பெட்டி பொருத்திய பின்னும் படிவம் தராத இணைப்புகளைத் துண்டிக்குமாறு 2013இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வலியுறுத்தியது. திரையில் படம் வரத் தொழில்நுட்ப அளவில் படிவம் தேவையில்லை. பேரேட்டுக்குத்தான் அது தேவை.

இதே காலத்தில் இன்னொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. 1,400க்கும் மேற்பட்ட தூர்தர்ஷன் தரைவழி ஒலிபரப்பிகளைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. 2022 மார்ச்சுக்குள், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 தவிர ஏனையவை நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அலைக்கற்றையை உண்மையில் விடுவித்த மாற்றம் இதுவே. ஆன்டெனாவை நம்பியிருந்த வீட்டுக்கு மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் மாற்றாகச் சுட்டப்பட்டது. ஆனால் டிஷ்ஷையும் பெட்டியையும் அவ்வீடே வாங்க வேண்டும். கட்டணம் செலுத்தும் வீட்டைத் தேடிப் படிவம் சென்றது. கட்டணம் செலுத்தாத வீடு எந்தப் பேரேட்டிலும் இல்லாததால், அதன் இழப்பை அளக்கவும் வழியில்லாமல் போயிற்று.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் 47.2 விழுக்காடு வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. அவ்வீடுகளின் தரப்பிலிருந்து இவ்வரலாற்றை எழுத இன்னும் காலம் கடந்துவிடவில்லை. கேபிள்காரரின் வசூல் அட்டை, பெட்டி வாங்கிய ரசீது, பரணில் கிடக்கும் ஆன்டெனா, பெண்களும் முதியோரும் சொல்லும் நினைவுகள் ஆகியவையே அதற்கான ஆதாரங்கள். ஊடக வரலாறு பயிலும் மாணவர்கள் அரசாணைகளோடு இவற்றையும் சேகரிக்க வேண்டும். அரசாணையில் மாற்றத்தின் தேதி இருக்கிறது. அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்பது வசூல் அட்டையில் இருக்கிறது.