ஆலையின் வேலியும் ஆற்றின் கணக்கும்: பினாங்கின் உற்பத்தித் துறையில் சூழல் பாதிப்பைக் குறைத்தல்

மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்கழிவுநீர் விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் விடப்படும் நீரில் லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம். மற்ற இடங்களில் 1.0 மில்லிகிராம் வரை இருக்கலாம். இந்த வரம்புக்குள் நிற்கும் ஆலை, செம்பைப் பொறுத்தவரை, சட்டத்தின் முன் குற்றமற்றது. ஆனால் வரம்பு விதிக்கப்பட்டிருப்பது செறிவுக்குத்தான். ஓராண்டில் ஆற்றில் போய்ச் சேரும் மொத்தச் செம்புக்கு அல்ல. ஒரே ஆற்றங்கரையில் ஆலைகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டே இயங்க, ஆறு கெட்டுக்கொண்டே போக முடியும். ஆகவே ஓர் உற்பத்தி நிறுவனம் தன் சூழல் பாதிப்பைக் குறைத்திருக்கிறதா என்பதற்கான விடை, எதை அளக்கிறோம், யார் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும். பாதிப்பு மெய்யாகக் குறைய வேண்டுமானால் உற்பத்தி முறையே மாற வேண்டும்; ஆலைக்கு வெளியே இருப்பவர்கள் அளவுகோலைக் கையில் எடுக்கும்போதுதான் முறை மாறுகிறது. பினாங்கின் ஐம்பதாண்டு அனுபவத்தைக் கொண்டு இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1969இல் ஜார்ஜ்டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை பெருகியிருந்த அந்நாளில், முதலமைச்சர் லிம் சோங் இயூ தலைமையில் மாநிலம் வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் உருவானது. இன்டெல், பாஷ், ஹிட்டாச்சி, ஏ.எம்.டி. போன்றவை வந்தன. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல்தான் வந்தது. ஆலைக் கழிவுநீருக்கான பொது விதிகள் 1979இல் வந்தன. ஆலைகளுக்கும் விதிகளுக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி. அந்த இடைவெளியின் விலையை நீரிணைக்கு அப்பால், பெருநிலப் பகுதியில் இருந்த மீனவர்கள் கொடுத்தார்கள்.

பிறை தொழிற்பேட்டையின் கழிவுகள் ஜூரு ஆற்றில் கலந்தன. ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் கோல ஜூரு கிராமத்தில் 1970களில் மீன்பிடி சரிந்தது, கெராங் சிப்பிகள் அழிந்தன. 1970ஐ ஒட்டித் தொடங்கப்பட்ட பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அந்த மக்களோடு நின்றது. தமிழகத்தில் பிறந்து பினாங்கைத் தன் ஊராக்கிக்கொண்ட எஸ். எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும்வரை அதன் தலைவராக இருந்தார். அரசிடமும் ஆலைகளிடமும் முறையான அளவீடுகள் வருவதற்கு முன்பே, வலையில் விழுந்த மீனின் எடையும் சேற்றில் செத்துக் கிடந்த கெராங்கும்தான் மாசின் அளவுகோல்களாக இருந்தன. அவற்றை வெறும் முறையீடு என்று ஒதுக்குவது பெரும் பிழை. ஆற்றின் மொத்தச் சுமையைக் காட்டிய அளவீடுகள் அன்று அவை மட்டும்தான்.

வெளியிலிருந்து வந்த அளவுகோல் உற்பத்தி முறையை எப்படி மாற்றும் என்பதற்கு மின்னணுத் துறையிலேயே தெளிவான சான்று உண்டு. மின்சுற்றுப் பலகைகளில் சால்டர் வைத்த பிறகு எஞ்சும் ஃபிளக்ஸைக் கழுவ, 1980களில் சி.எஃப்.சி.-113 என்ற கரைப்பானையே துறை நம்பியிருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. வளரும் நாடுகளுக்கு 2010 வரை அவகாசம் இருந்தது. இருந்தும் துறை அதுவரை காத்திருக்கவில்லை. இக்கரைப்பானைக் கொண்டு செய்த பொருள்களில் அதை வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 1993 மே மாதம் முதல் கட்டாயமாக்கியது. அந்த எச்சரிக்கையைத் தன் பெட்டியில் ஒட்ட எந்த நிறுவனமும் விரும்பவில்லை. தண்ணீரில் கழுவும் முறைகள் வந்தன. அதைவிட முக்கியமாக, கழுவவே தேவையில்லாத ஃபிளக்ஸ் வந்தது. கரைப்பானைப் பிடித்து வைக்கும் கருவியைத் தேடிக்கொண்டிருந்த துறை, கழுவும் படியையே நீக்கிவிட்டது. கழிவைச் சுத்திகரிப்பதற்கும் கழிவு உண்டாகாமல் செய்வதற்கும் உள்ள தொலைவு இதுதான்.

எல்லா மாற்றமும் இவ்வளவு சுத்தமாக அமைவதில்லை. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஈயமற்ற சால்டர் புழக்கத்துக்கு வந்தது. பழைய ஈய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும்; பரவலாகப் பயன்படும் புதியது 217 டிகிரியை ஒட்டி உருகும். ஈயம் போனது நல்லதே, ஆனால் உலைகளின் சூடு ஏறியது. ஒரே ஒரு எண்ணைக் குறைத்துக் காட்டும் நிறுவனத்திடம், அதனால் எந்த எண் கூடியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

உற்பத்தி முறையை மாற்றுவதன் பயன் தண்ணீர்க் கணக்கில் இன்னும் தெளிவாகத் தெரியும். முலாம் தொட்டியிலிருந்து பாகங்களைத் தூக்கும்போது அவற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரைசலும் வரும். அதை அலசி எடுக்க வேண்டும். ஒட்டிவந்த கரைசலின் செறிவை ஆயிரத்தில் ஒரு பங்காக்க, அலசும் தொட்டி ஒன்றே என்றால், கரைசல் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1000 லிட்டர் நீர் செலவாகும். இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்து, தூய நீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, பாகங்கள் வரும் திசைக்கு எதிராக வழியவிட்டால் சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டிகள் என்றால் 10 லிட்டர். ஏட்டுக் கணக்கைவிட நடைமுறையில் சற்றுக் கூடலாம், போக்கு மாறாது. தொட்டிக்கு மேலே பாகங்களைச் சில விநாடிகள் கூடுதலாக வடியவிட்டால் ஒட்டிவருவதே குறையும். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். தரையில் இன்னும் இரண்டு தொட்டிக்கு இடமும், உற்பத்தி வேகத்தில் சில விநாடிகளை விட்டுக்கொடுக்கும் மனமும் போதும்.

இப்போது இந்தக் கணக்கைச் சட்டத்தோடு ஒட்டிப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1000 கன மீட்டர் நீரை லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் செம்போடு விடும் ஆலை ஆற்றில் 900 கிராம் செம்பைச் சேர்க்கிறது, வரம்பு 1.0 என்னும் இடத்தில் அது விதிமீறவில்லை. நீரைச் சிக்கனமாக்கி 10 கன மீட்டர் மட்டும் விடும் ஆலையின் செறிவு 1.1 ஆகிவிட்டால், அது சேர்ப்பது 11 கிராம்தான். ஆனால் குற்றவாளி அதுதான். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதத்தின் உச்சவரம்பு ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அளவுகோல் தவறாக இருக்கும்வரை அது தவறான ஆலையையே தண்டிக்கக்கூடும்.

சுத்திகரிப்பு என்பதும் முடிவல்ல. உலோகம் கலந்த நீரில் காரம் சேர்த்து, உலோகத்தைப் படியவைத்து, ஃபில்டர் பிரஸ்ஸில் அழுத்தினால் கசடு கிடைக்கும். சட்டத்தின் பட்டியலில் அது எஸ்.டபிள்யூ. 204 என்ற அபாயக் கழிவு. அதை லாரியில் ஏற்றி, 1990களின் இறுதியிலிருந்து நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸில் இயங்கும் மையத்துக்கு அனுப்பலாம். பினாங்கின் நீர் தெளிகிறது. இன்னொரு மாநிலத்தின் நிலம் கசடை ஏற்கிறது. வேஃபர்களை அறுக்கும் டைசிங் பகுதியின் நீரில் இருப்பதோ பெரும்பாலும் நுண்ணிய சிலிக்கன் தூள்தான். அதைத் தனிக் குழாயில் கொண்டுபோனால் வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். முலாம் கழிவோடு கலந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஆகவே ஆலையைக் கட்டும் நாளில் குழாய்களை எப்படிப் பிரித்தார்கள் என்பது, பின்னால் வாங்கும் எந்தச் சுத்திகரிப்புக் கருவியையும்விட முக்கியமானது.

பன்னாட்டு நிறுவனங்கள் இன்று பெரிய இலக்குகளை அறிவிக்கின்றன. தன் நிறுவனங்கள் அனைத்தும் 2020 முதல் கரிமச் சமநிலையில் இயங்குவதாக பாஷ் கூறுகிறது. எடுக்கும் நன்னீரைவிட அதிகமாகத் திரும்பத் தருவதை 2030க்குள் எட்டுவது இன்டெலின் இலக்கு. இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் கரிமமும் தண்ணீரும் ஒரே வகைக் கணக்கு அல்ல. கரியமில வாயு எங்கே குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றே. தண்ணீர் அப்படியல்ல. பினாங்கின் மூலநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவில் பிறக்கிறது. அதன் மேலுள்ள காடுகளைப் பற்றியும் நீருக்கான விலையைப் பற்றியும் இரு மாநிலங்களும் நெடுநாளாக முரண்படுகின்றன. வேறொரு நாட்டில் ஏரியைத் தூர்வாரியதற்காக மூடா ஆற்றில் ஒரு சொட்டும் கூடாது. உலகளாவிய தண்ணீர்க் கணக்கு ஆண்டறிக்கைக்குப் பயன்படும். பினாங்குக்கு வேண்டியது மூடா ஆற்றின் கணக்கு.

மின்சாரத்திலும் இதே கேள்விதான். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலும் எரிவாயுவிலும் விளைகிறது. பசுமைக் கட்டணம் செலுத்திப் பெறும் சான்றிதழ் நிறுவனத்தின் ஏட்டில் உமிழ்வைக் குறைக்கும். தூய்மை அறைகளின் குளிரூட்டிகள் தின்னும் மின்சாரத்தை அது குறைப்பதில்லை. 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பு என்ற மலேசியாவின் இலக்குகூடப் பொருளாதார உற்பத்தியின் ஓர் அலகுக்கான உமிழ்வைத்தான் பேசுகிறது. உற்பத்தி வளர்ந்தால் மொத்தம் கூட இடமுண்டு.

நிலத்தின் கணக்கு எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் நான் பார்க்காதது. பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்து உருவாகும் தீவில் தொழிற்பூங்காவும் அமையவிருக்கிறது. மூன்று தீவுகளாகத் திட்டமிடப்பட்டு 2023இல் ஒன்றாகச் சுருங்கிய அத்திட்டத்தைத் தென்கரை மீனவர்கள் தொடர்ந்து எதிர்த்து வந்தார்கள். அங்கே நாளை எழும் ஆலை, சூரிய மின்தகடுகளோடும் மறுசுழற்சி நீரோடும் முன்மாதிரியாக விளங்கலாம். அது நிற்கும் இடம் ஒரு காலத்தில் மீன்பிடிக் கடல் என்பது அதன் கணக்கில் முதல் வரியாக வர வேண்டும்.

இதற்குப் புதிய கருவிகள் தேவையில்லை. ஒவ்வோர் ஆலையும் எடுக்கும் நீரை பினாங்கு நீர் விநியோகக் கழகத்தின் மீட்டர் அளக்கிறது. மின்சாரத்தை தெனாகா நேஷனல் அளக்கிறது. அபாயக் கழிவின் எடையைச் சுற்றுச்சூழல் துறை தன் மின்னணுப் பதிவில் ஏற்கெனவே வாங்கிக்கொள்கிறது. இந்த மூன்று எண்களையும் குழுமத்தின் மொத்தமாகவோ ஒரு சில்லுக்கு இவ்வளவு என்றோ காட்டாமல், ஆலைவாரியாக, ஆண்டுதோறும், முழு அளவில் வெளியிடும்படி மாநில அரசும் சுற்றுச்சூழல் துறையும் கட்டாயமாக்க வேண்டும். கோல ஜூருவில் இன்று மீன்பிடிப்பவருக்கும் அந்த எண்களைக் கேட்கும் உரிமை இருக்கிறது.