வேப்பமரக் கப்பல்



கொஞ்சம் நீளமான பதிவு. பட்டுத்தறியும் கமண்டல நாகநதியும் தெரிந்த ஆரணிக்காரன் கப்பலைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். ஒரு பழைய கடனைத் தீர்க்கத்தான் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் வாஸ்கோடகாமா பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "நம்ம ஆளுங்க கிட்ட கப்பல் இல்லையா சார்?" என்று கேட்டான். "சோழர் காலத்தில் இருந்தது, அப்புறம் போய்விட்டது" என்று சொன்னேன். மணி அடித்தது. அந்தப் பதில் தப்பு என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர். கப்பல் கட்டுவதும் ஓட்டுவதும் அந்த ஊரின் தொழிலாக இருந்தது. பர்மா அரிசி ஏற்றிவரும் கப்பல்களையும் அவர்கள் கட்டினார்கள். அங்கே 1930இல் கட்டிய கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். வேப்பமரத்தில் கட்டியது. நம் வாசலில் நிற்கிற அதே வேம்புதான்! கசப்பு மரம் என்பதால் கடல் புழு சீக்கிரம் அரிக்காது என்பது கணக்கு.

உடலைக் கட்டி முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துச் செருகி, எண்ணெயும் குங்கிலியமும் பூச வேண்டும். இதற்குக் கலப்பத்து என்று பெயர். பிறகு பாய்மரம் நிறுத்துவது. மரத்தை நட்டால் மட்டும் நிற்காது. முன்னும் பின்னும் இரு பக்கமும் கயிறுகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் காற்று மரத்தையே முறித்துவிடும். குறுக்கே கட்டும் மரம் பருமல். பருமலை மேலே ஏற்றுகிற கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டுவது தாமான். இன்னும் வேடாங்கயிறு, பளிங்கைக் கயிறு, மூட்டங்கயிறு, இளங்கயிறு என்று பெயர்கள் போகின்றன. இருட்டில், மழையில், எந்தக் கயிறு எது என்று கை அறிந்திருக்க வேண்டும். விழுதில் ஒரு இழை அறுந்தால் பார்க்காமலே விரல் போய் நிற்குமே நம் நெசவாளிக்கு, அந்த மாதிரி. தறியில் தப்பினால் சேலை கெடும். அங்கே உயிர் போகும்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகில் உலகையே சுற்றியவர். கடலையும் படகையும் அறிந்த மனிதர். அவர் இந்த அன்னபூரணியைப் பார்த்து விலைக்கு வாங்கினார். மனைவி பெயரால் 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். (அன்னபூரணி என்ற பேரை விட்டிருக்கலாம். அது என் ஆதங்கம்.) தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் 1937 பிப்ரவரி 27இல் புறப்பட்டார்கள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக், பெர்முடா. 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. 17 மாதம்! குளோஸ்டரே பாய்க்கப்பல் மீனவர்களின் ஊர். கயிற்றையும் பாயையும் பார்த்தே கட்டியவன் கையை எடைபோடத் தெரிந்தவர்கள். பாஸ்டன் பத்திரிகைக்கும் இது செய்தியாயிற்று.

யோசித்துப் பாருங்கள், 1938 என்பது எங்கள் அப்பா காலம். சோழர் காலம் அல்ல. தூத்துக்குடித் தோணிகள் 1970களிலும் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்தன. நான் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது அது நடந்துகொண்டிருந்தது. நான் தூத்துக்குடியை உப்பளத்துக்கும் வ.உ.சி.க்கும் மட்டும் மனப்பாடம் பண்ணினேன்.

அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நம் மாணவர்களில் இரண்டு மூன்று பேர் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறீர்கள். ஆஞ்சான், தாமான் என்ற சொற்களை அங்கே யாராவது இன்னும் சொல்கிறார்களா? கரைக்கு வந்ததும் எழுதுங்கள்.