கேட்பது யார், எப்போது? அமெரிக்கக் கல்லூரி வீரர்களும் பயிற்றுநர் மதிப்பீடும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு வீரர்கள் தங்கள் பயிற்றுநர்களைப் பற்றிக் கருத்துத் தெரிவிக்கப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பருவ முடிவில் நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவம். மற்றொன்று, வீரர் வெளியேறும்போது நடத்தப்படும் நேர்காணல். இந்த நேர்காணலைக் கட்டாயமாக்கும் விதியைத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் (என்.சி.ஏ.ஏ.) 1990களின் தொடக்கத்தில் தன் சாசனத்தில் சேர்த்தது.

விதி சொன்னதும் சொல்லாததும்

அவ்விதியில் ஒரு நல்ல கூறு உண்டு: நேர்காணலைப் பயிற்றுநர்கள் நடத்தக் கூடாது. விளையாட்டுத் துறை இயக்குநரோ அதற்கென நியமிக்கப்பட்டவரோ நடத்த வேண்டும். பயிற்சிக்குச் செலவான நேரம், துறை நிர்வாகம் பற்றிய குறைகள், தேவையான மாற்றங்கள் ஆகியவை கேட்கப்பட வேண்டும். ஆனால் கேட்கப்படுவோர், விளையாடும் தகுதிக்காலம் முடிந்தவர்களுள் சிலர் மட்டுமே. துன்பத்தை அனுபவித்துக்கொண்டிருக்கும் மாணவரிடம் அவ்விதி எதையும் கேட்கவில்லை. பயிற்றுநரின் வெற்றியால் பெயர் பெறும் அதே துறையே நேர்காணலையும் நடத்துகிறது.

அச்சத்தின் அடிப்படை

யார் களமிறங்குவது, யார் ஓரத்தில் அமர்வது என்பதைப் பயிற்றுநரே முடிவு செய்கிறார். 1973 முதல் விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதைப் புதுப்பிப்பதில் பயிற்றுநரின் சொல்லே பெரிதும் எடுபட்டது. பல்லாண்டு உதவித்தொகை 2012இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்து மாணவருக்கு அந்தத் தொகை போனால் படிப்பே போய்விடும். பெயரில்லாப் படிவமும் முழுப் பாதுகாப்பன்று. பதினைந்து பேர் கொண்ட அணியில் இருவரே கறுப்பினத்தவர் என்றால், இனம் குறித்த ஒரே கேள்வி போதும், எழுதியவர் அவ்விருவருள் ஒருவர் என்று தெரிந்துவிடும்.

ஐயோவா காட்டியது

ஐயோவா பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறையே அமைத்த குழு ஒன்று, கறுப்பின வீரர்களின் மனக்குறைகளை 2019இலேயே பதிவு செய்திருந்தது. தங்கள் பண்பாட்டு அடையாளத்தை விட்டுவிட்டு அணியின் வழக்கத்துக்கு ஒத்துப்போக வேண்டியிருந்தது என்பது அவற்றுள் முதன்மையானது. ஆயினும் பெரும் மாற்றம் வந்தது 2020 ஜூனில், கால்பந்து அணியின் முன்னாள் வீரர்கள் சமூக ஊடகங்களில் வெளிப்படையாகப் பேசிய பிறகே. உடற்பயிற்சிப் பிரிவின் தலைவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார்; ஆனால் அந்த மாதமே பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையுடன் பதவி விலகினார். வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட சட்ட நிறுவனம், அணியின் விதிகள் இனச் சார்பை நிலைநிறுத்தின என்றும், பயிற்றுநர்கள் சிலர் வீரர்களை இழிவுபடுத்தினர் என்றும் கண்டறிந்தது. 2023இல் முன்னாள் வீரர்கள் 12 பேரின் வழக்கு 41 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஆகவே, கருத்துக் கேட்கப்படவில்லை என்று ஐயோவாவைக் குறை கூற முடியாது. கேட்டதன் மீது உரிய நடவடிக்கை எடுக்க வெளியிலிருந்து எந்தக் கட்டாயமும் இல்லை என்பதே குறை.

சட்டத்தின் எல்லை

ஜாக்சன் எதிர் பர்மிங்காம் கல்வி வாரியம் வழக்கில் (2005) அமெரிக்க உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தன் மாணவியர் கூடைப்பந்து அணிக்குச் சமமான நிதியும் வசதியும் இல்லை என்று முறையிட்ட பயிற்றுநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்திருந்தார். பாலினப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டுபவரைப் பழிவாங்குவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்கீழ்ப் பாகுபாடே என்றது நீதிமன்றம். ஆனால் அப்பிரிவு பாலினப் பாகுபாட்டை மட்டுமே தொடுகிறது. வசை, அளவுமீறிய பயிற்சி, காயத்தை மறைத்து விளையாடச் சொல்லும் அழுத்தம் ஆகியவற்றைப் பற்றிப் பொதுவாக எழுதும் மாணவருக்கு அதில் இடமில்லை.

ஒரு முறைமையை மதிப்பிட

எந்தக் கருத்துக்கேட்பு முறையையும் நான்கு கேள்விகளால் சோதிக்கலாம்:

1. கேட்பவர் விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ளவரா?

2. அணியில் இருக்கும்போதே கேட்கப்படுகிறதா?

3. பதிலளித்தவரின் உதவித்தொகையும் அணியில் அவர் இடமும் எழுத்துப்பூர்வமாகப் பாதுகாக்கப்படுகின்றனவா?

4. கேட்டதன் பேரில் என்ன செய்யப்பட்டது என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் மாணவர்களுக்கு அறிவிக்கப்படுகிறதா?

நான்காவது கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. ஐயோவாவில் 2019ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் அத்தகைய அறிவிப்பு கட்டாயமாக இருந்திருந்தால், வீரர்கள் நியாயம் தேடிச் சமூக ஊடகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகத் தேவை இல்லாமல் போயிருக்கலாம்.