அங்கொடைக்கு வெளியே பிறந்த ஊழியர்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாருக்காவது மனம் குழம்பினால், வீட்டார் வாயில் முதலில் வந்த பெயர் அங்கொடை. 1920களில் கொழும்பின் ஓரத்தில் எழுந்த அந்த மனநோய் வைத்தியசாலைதான் நெடுங்காலம் நாட்டுக்கே போக்கிடம். மட்டக்களப்பிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தால் பஸ் காசு, துணைக்கு வருபவரின் நாட்கூலி, அதற்கு மேல் சிங்களம் தெரியாத தவிப்பு.

2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பின்னாலேயே வெளிநாட்டு உளவியல் குழுக்கள் வந்திறங்கின. பலருக்கு ஊர்மொழி தெரியாது. சில வாரமே தங்குவார்கள். பிழைத்தவர்களை வெறும் மனநோயாளிகளாகச் சுருக்கிவிடாதீர்கள் என்று கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அப்போதே மன்றாடினார்கள். அவர்கள் சொன்னது சரி. உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இலங்கை மக்களிடம் துன்பத்தைப் பற்றிக் கேட்டபோது, உறவு அறுந்ததையும் ஊருக்குள் தம் இடம் பறிபோனதையும்தான் அவர்கள் பேசினார்கள். மேற்கிலிருந்து வந்த கேள்வித்தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

அந்த நெருக்கடியில்தான் சமுதாய ஆதரவு உத்தியோகத்தர் பிறந்தார். பாதிக்கப்பட்ட ஊர்களிலேயே ஆட்களைத் தெரிவு செய்து, பயிற்சி கொடுத்து, மாவட்ட மனநல மருத்துவருடன் இணைத்தார்கள். படலையைத் திறந்து உள்ளே போய்த் திண்ணையில் இருந்து கதைப்பது, மருந்தை நிறுத்தியவரைத் திரும்பக் கிளினிக்குக்கு அழைத்து வருவது அவர்களின் வேலை.

இந்த எண்ணம் திடீரென்று முளைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். ஒரு சமூகத்தின் காயத்தைத் தனிமனிதரின் நோயறிகுறிகளுக்குள் அடக்க முடியாது என்று தொடர்ந்து எழுதினார். கிழக்கில் மருத்துவர் மகேசன் கணேசன் சேவையை ஊருக்குள் கொண்டுபோனார்.

2005இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு பின்னர் 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியது.

பட்டம் இல்லாதவரை நம்பலாமா என்று கேட்கும் நிபுணர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சிம்பாப்வேயில் பயிற்சி பெற்ற பாட்டிமார் வாங்கில் இருந்து கொடுத்த ஆலோசனை வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் தந்ததாக 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த மேற்பார்வைக்காக உளவியலாளர் தன் அறையை விட்டு வெளியே வரத்தான் வேண்டும். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை அரைநாள் கூலியை இழந்து, கட்டணமும் கட்டி, வெள்ளவத்தை கிளினிக்கில் காத்திருக்க மாட்டார். கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் அவர் வீட்டுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் மொழியில் கதைக்கும் ஒருவர் போகவேண்டும். அப்படிப் போகும் ஊழியருக்கு நிரந்தர நியமனமும் ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள்.